அம்மாவின் புடவையில் கத்தரி வைக்கலாமா?

கேள்வி: அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பீரோவில் முப்பதுக்கும் மேற்பட்ட புடவைகள் அப்படியே இருக்கின்றன. வரும் தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம். முடிந்ததும் கணவரோடு புனே போகிறாள். பாட்டியிடமே வளர்ந்த பெண். அம்மாவின் புடவைகளை வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு போர்வை தைத்து, யாருக்கும் சொல்லாமல் கல்யாண மேடையில் கொடுக்க ஆசைப்பட்டேன். அக்காவிடம் மட்டும் வாய்விட்டேன். "அம்மா புடவையில் கத்தரி வைக்காதே" என்று அழுதுவிட்டாள். எனக்கு ப்ளவுஸ் தைக்கும் அளவுக்குத் தையல் தெரியும். செய்யலாமா? அம்மாவின் கூரைப்புடவையையும் சேர்க்கலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: செய்யலாம். ஆனால் மேடையில் வேண்டாம், ரகசியமாகவும் வேண்டாம், கூரைப்புடவையும் வேண்டாம்.

முதலில் அக்காவைச் சமாதானப்படுத்துவோம். அதற்குக் கண்ணீரைவிடக் கணக்குதான் உதவும். ஒருவர் படுத்துப் போர்த்திக்கொள்ள 5 அடிக்கு 7 அடி போதும். தைத்து முடித்த பின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்கள் என்றால், அகலத்தில் 10, நீளத்தில் 14, மொத்தம் 140. சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். சாதாரணப் புடவையின் அகலம் சுமார் 45 அங்குலம். உள்முனையில், அதாவது முதல் சுற்றில் இடுப்பில் செருகும் பக்கத்தில், 13 அங்குலம் மட்டும் வெட்டினால் ஒரு புடவைக்கு 12 சதுரம் கிடைக்கும். பன்னிரண்டு புடவைக்கு 144. வேலை முடிந்தது! வெட்டிய முனையை மடித்து ஓரம் அடித்துவிட்டால், ஐந்தரை மீட்டர் புடவை ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே நிற்கும். முந்தானை அப்படியே இருக்கும், கொசுவம் ஒன்று குறையும், அவ்வளவுதான். அக்கா கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம். பீரோ காலியாகிவிடும் என்றுதான் அவர் பயந்திருப்பார். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அதன் பிறகும் ஏதாவது ஒரு புடவையைத் தொடாதே என்றால் தொடாதீர்கள். காரணமும் கேட்காதீர்கள்.

எந்தப் பன்னிரண்டு என்பதைக் கல்யாணப் பெண்ணே சொல்லட்டும். இறந்தவரின் உடையை வைத்து ஒருவரை ஆச்சரியப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பெட்டியைத் திறந்ததும் பாட்டியின் புடவை துண்டாகக் கிடப்பதைப் பார்த்தால், மகிழ்வதா அழுவதா என்று நூறு பேர் முன்னால் அவள் தவிக்க வேண்டியிருக்கும். அவளை பீரோவின் முன் உட்காரவைத்துப் பாருங்கள். விசேஷப் புடவைகளைத் தள்ளிவிட்டு, சமைக்கும்போதும் கதை சொல்லும்போதும் பாட்டி கட்டியிருந்த சுங்குடியையும் வாயில் புடவையையும் எடுப்பாள் என்பது என் ஊகம். போர்வைக்கும் அவைதான் ஏற்றவை. பழகிய பருத்திக்கு ஈடான துணி கிடையாது.

பட்டு வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் உண்டு. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த பட்டு, மடிப்பிலேயே இற்றுப்போய் நிற்கும். ஊசி குத்தினால் கிழியும். ஜரிகை உடம்பில் உறுத்தும். பருத்தியும் பட்டும் தண்ணீரில் ஒரே மாதிரி சுருங்காது, முதல் சலவையிலேயே போர்வை கோணிக்கொள்ளும். கூரைப்புடவையை மென்மையான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வருடத்துக்கு ஓரிரு முறை மடிப்பை மாற்றுங்கள். (பழைய பட்டுப்புடவை வாங்க வருகிறவர் கண்ணில் மட்டும் காட்டிவிடாதீர்கள்!) பூனம் புடவை ஒன்றாவது அவள் கேட்பாள். சேர்க்கலாம், ஆனால் வழுக்கும், சூடான இஸ்திரியில் உருகிவிடும். இளஞ்சூட்டில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸைப் பின்னால் கொடுத்து, அதன் பிறகு வெட்டுங்கள்.

வெட்டும் முன் ஒவ்வொரு புடவையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடையாகத் தெரியும் இடம் தையலைத் தாங்காது. உள்பாவாடை நாடா உரசும் மேல் ஓரத்தில் இது அதிகம் இருக்கும். அந்த முனையில் ஃபால்ஸ் இருந்தால் பிரித்துவிடுங்கள். சாயத்துக்கு, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்ப்பதே போதும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், நம்ப வேண்டாம். மூன்று நான்கு முறை அலசியும் நிறம் இறங்கினால் அந்தப் புடவையை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் துவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஒரே ஒரு புடவையை மட்டும் துவைக்காமல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அம்மாவின் வாசனை அதில் மிச்சம் இருக்கலாம்.

பஞ்சு அடைக்க வேண்டாம். வங்காளத்தின் காந்தா, மகாராஷ்டிரத்தின் கோதடி எல்லாமே பழைய புடவைகளை அடுக்கித் தைத்தவைதான். உங்கள் பெண் போகிற ஊரில் இது என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள். இனி யாரும் கட்ட முடியாதபடி நைந்த புடவை ஒன்றை நடு அடுக்காக வைத்து, அடியில் புதுக் காடாத்துணி கொடுங்கள். சதுரங்களை மிஷினில் இணைக்கலாம். மூன்று அடுக்கையும் சேர்ப்பதைக் கையால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, ஓட்டுத் தையலாகப் போடுவதே நல்லது. மிஷினில் ஓட்டினால் அடித்துணி சுருக்கம் விழும்; பழக்கம் இல்லாதவர்களுக்கு நிச்சயம் விழும்.

சதுரம் வெட்டியபின் கரைகள் மிஞ்சும் அல்லவா? 13 அங்குலம் வீதம் 24 துண்டு. போர்வையின் சுற்றளவு 24 அடி. இணைத்தால் நான்கு ஓரத்தையும் மடித்துக் கட்டச் சரியாக வரும். காந்தா தைக்கும் பெண்கள் புடவைக் கரையிலிருந்தே நூல் உருவித் தைத்தார்கள். நீங்களும் இரண்டு இழை உருவி, பின்பக்க மூலையில் அம்மாவின் பெயரை எழுதலாம். பழைய நூல் அதற்கு மேல் தாங்காது.

இத்தனையையும் தை மாதத்துக்குள் கல்யாண வேலைகளுக்கு நடுவில் முடிக்கப் பார்க்காதீர்கள். மங்கல மேடையில் இறந்தவர் புடவையா என்று சம்பந்தி வீட்டில் ஒருவராவது முகம் சுளிப்பார். அவர்களைத் திருத்துவது உங்கள் வேலையில்லை. தலை தீபாவளிக்கு அவள் வரும்போது கொடுங்கள். அதுவரை பல மாதங்கள் இருக்கின்றன. புனேயில் குளிர் தொடங்குவதும் அதன் பிறகுதான். அதற்குள் அக்காவும் ஒன்றிரண்டு வரிசை தைக்க உட்காருவார் என்று நினைக்கிறேன். அழைக்காதீர்கள், கூடத்தில் பரப்பி வைத்துத் தையுங்கள்.

வாஷிங் மெஷினில் போடக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும் என்பதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.