இனப் பாகுபாட்டுக்கு நிறுவனங்கள் பதில் சொல்கின்றனவா? – கேள்வி பதில்

அமெரிக்க நிறுவனங்களின் இனச் சமத்துவத் தணிக்கை அறிக்கைகளைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. இந்த வாரம் நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: தணிக்கை என்றால் கணக்கு வழக்கு பார்ப்பதுதானே அக்கா?

பதில்: இதுவும் கணக்குதான், பணக்கணக்கு இல்லை. வங்கி யாருக்குக் கடன் கொடுத்தது, யாருக்கு மறுத்தது. பதவி உயர்வு இல்லாமல் அதே நாற்காலியில் இருப்பவர்கள் யார். கடைக்குள் வரும் யாரைக் காவலாளி பின்தொடர்கிறார்? இதையெல்லாம் வெளியாள் ஒருவர் பார்த்து அறிக்கை எழுதுவார்.

கேள்வி: “எங்களுக்கு யார்மீதும் வெறுப்பில்லை, எல்லோருக்கும் ஒரே விதி” என்று நிறுவனம் சொல்லிவிட்டால்?

பதில்: இதே வாதத்தோடுதான் டியூக் பவர் நிறுவனம் நீதிமன்றத்தில் நின்றது. வட கரோலினாவில் டான் ரிவர் என்ற இடத்தில் அதன் மின்நிலையம். அங்கே கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கூலி வேலைப் பிரிவு மட்டும்தான். அந்தப் பிரிவின் மிக அதிகச் சம்பளம், மற்ற பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடக் குறைவு. வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1965 ஜூலை 2 அன்று அமலுக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் ஒரு புது விதி போட்டது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும், இரண்டு தேர்வுகளிலும் தேற வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஏற்கெனவே அங்கே இருந்த வெள்ளையர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தார்கள். விதியில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் பள்ளிப் படிப்பே எட்டாமல் வைக்கப்பட்டிருந்த மக்களை அது வாசலிலேயே நிறுத்தியது.

1971-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: வேலைக்குத் தேவை என்று காட்ட முடியாத தகுதி ஓர் இனத்தாரை வெளியே தள்ளுமானால், நோக்கம் நல்லதாக இருந்தாலும் அது செல்லாது. இந்த வகை வழக்குகளைப் பின்னுக்குத் தள்ளும்படி 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் கூட்டாட்சித் துறைகளுக்கு உத்தரவிட்டார். ஆனால் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் தானே வழக்குப் போடலாம்.

கேள்வி: ஸ்டார்பக்ஸ் கடைகளை மூடிப் பயிற்சி கொடுத்ததே, அது கணக்கில் வருமா?

பதில்: கொஞ்சம்தான். 2018 ஏப்ரலில் பிலடெல்பியாவில், ஒருவருக்காகக் காத்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைக் ஸ்டார்பக்ஸ் காபிக்கடை ஊழியர் போலீஸை அழைத்து, கைதாக வைத்தார். மே 29 மதியம் 8,000-க்கும் மேற்பட்ட கடைகளை மூடி, இனப் பாகுபாடு பற்றி ஊழியர்களுக்குப் பயிற்சி நடத்தினார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரியது, எதுவும் வாங்காமலே யாரும் உட்காரலாம் என்று விதியை மாற்றியது. 2025 ஜனவரியில் அந்த விதியையும் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

கேள்வி: உருப்படியான மாற்றம் எங்காவது நடந்திருக்கிறதா?

பதில்: பயணிகளுக்கு வீடுகளில் தங்க இடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி தளத்தைச் சொல்வேன். ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஐந்து நகரங்களில் சுமார் 6,400 வீட்டுக்காரர்களுக்கு இடம் கேட்டு எழுதினார்கள். விவரமெல்லாம் ஒன்று, பெயர் மட்டும் வேறு. வெள்ளையர் பெயருக்குச் சம்மதம் சுமார் 50%, கறுப்பினத்தவர் பெயருக்குச் சுமார் 42%. 2016-ல் நிறுவனம் குடிமை உரிமைச் செயற்பாட்டாளர் லாரா மர்பியை அழைத்துத் தணிக்கை செய்யச் சொன்னது. 2018-ல், முன்பதிவை ஏற்ற பிறகுதான் விருந்தினரின் படம் தெரியும் என்று மாற்றினார்கள். சரி, படம் போனது, பெயர்? ஓரிகன் மாநிலத்தில் கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு சமரசமானது. அதன் பலனாக, அந்த மாநிலத்தவர் முன்பதிவு கேட்டால் வீட்டுக்காரர் சம்மதிக்கும்வரை பெயரின் முதலெழுத்து மட்டும்தான் தெரியும் என்று 2022-ல் மாற்றினார்கள். ஏன் ஒரு மாநிலத்தோடு நிறுத்தினார்கள் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கேள்வி: நான் கொஞ்சம் ஆப்பிள் பங்கு வைத்திருக்கிறேன். என் வாக்குக்கு மதிப்பு உண்டா?

பதில்: உண்டு தம்பி. 2022 மார்ச்சில் ஆப்பிள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இதே வகையான குடிமை உரிமைத் தணிக்கை கேட்ட தீர்மானம் நிர்வாகத்தின் எதிர்ப்பையும் மீறிப் பாதிக்கு மேல் வாக்கு வாங்கியது. அதே ஆண்டு மெக்டொனால்ட்ஸிலும் ஜெயித்தது. இவை பரிந்துரைதான், நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பாதிப் பங்குதாரர்கள் கேட்டதை ஒதுக்கிவிட்டு நிர்வாகம் அடுத்த கூட்டத்தில் அவ்வளவு எளிதாக முகம் காட்ட முடியாது.

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது, இந்த முயற்சிகளை எதிர்ப்பவர்களும் தீர்மானம் கொண்டுவருகிறார்கள். ஆனால் 2025 ஜனவரியில், பன்முகத்தன்மைத் திட்டங்களின் (பல பின்னணியினருக்கும் வேலையில் இடம் தரும் முயற்சிகள்) அபாயத்தை அறிக்கையாகக் கேட்ட தீர்மானத்தை காஸ்ட்கோ என்ற பெருங்கடை நிறுவனத்தின் பங்குதாரர்கள் 98%-க்கும் மேல் நிராகரித்தார்கள்.

கேள்வி: சாதிப் பாகுபாடும் இதில் வருமா?

பதில்: இதை நம்மவர் கேட்டதில் எனக்கு நிம்மதி. 2020-ல் கலிஃபோர்னியா மாநிலக் குடிமை உரிமைத் துறை, ஒரு தலித் பொறியாளருக்காக சிஸ்கோ என்ற கணினி வலையமைப்பு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை, இருக்கும் சட்டமே போதும் என்று ஆளுநர் திருப்பி அனுப்பினார். ஆப்பிள் தன் நடத்தை விதிகளில் சாதியையும் சேர்த்திருக்கிறது. நீங்கள் அமெரிக்க நிறுவனத்தில் வேலை பார்த்தால், பாகுபாட்டுக்கு எதிரான கொள்கை ஆவணத்தைத் திறந்து ‘சாதி’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மனிதவளத் துறைக்கு எழுத்தில் கேளுங்கள். பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.