புது 110 சிசி ஸ்கூட்டர்: மைலேஜ் குறைவு, பின் பிரேக் லூஸ், இது கோளாறா?

வாங்கி ஒரு மாதத்தில் இரண்டுமே சகஜம்தான். டிரம் பிரேக்கில் புது ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பட்டை) டிரம்மோடு படிந்து அமரும்போது கொஞ்சம் தேயும். அதனால் லீவர் தளர்கிறது. பின் சக்கரத்தருகே பிரேக் கம்பியின் முனையில் உள்ள நட்டை அரைச் சுற்று வலஞ்சுழியாகத் திருப்பி, லீவரை அழுத்திப் பாருங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்குமுன் லீவர் நுனி 10 முதல் 20 மி.மீ. அசைய வேண்டும். பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். உரசினால் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். உரசலோடு ஓட்டினால் டிரம் சூடேறும், பெட்ரோலும் வீணாகும்.

மைலேஜை மீட்டர் காட்டும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். டேங்கை நிரப்பி, 150 கி.மீ. ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கி.மீ.யை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்துக் கணக்கிடுங்கள். இரண்டு கி.மீ. தூரத்துக்கே வண்டியை எடுத்தால் எஞ்சின் சூடாகுமுன் பயணம் முடிந்துவிடும். மைலேஜ் குறையத்தான் செய்யும். காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

முதல் சர்வீஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். புது எஞ்சினில் உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் கலந்திருக்கும். ஆயிலை உங்கள் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். அதுவரை ஆக்சிலரேட்டரை முழுசாகத் திருகாதீர்கள்.