உப்புக்காற்றில் பூச்சு எத்தனை வருஷம் தாங்கும்? டர்பன் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இசிப்பிங்கோவிலிருந்து: ஐயா, போல்ட் வாங்கிய இடத்தில் "உப்புத்தூறல் சோதனையில் 240 மணி நேரம் தாங்கும்" என்று சீட்டு கொடுத்தார்கள். கடலோர வீட்டில் அது எத்தனை வருஷம்?

எத்தனை வருஷம் என்றும் சொல்ல முடியாது. மணியை வருஷமாக மாற்றித் தரும் கணக்கு எதையும் நம்பாதீங்க. அந்தச் சோதனை நடக்கும் மூடிய பெட்டிக்குள் 35 டிகிரியில் 5 சதவீத உப்புநீர் ஓயாமல் தூறிக்கொண்டே இருக்கும். வெளியே இரும்பு நனையும், காயும். காயும்போதுதான் அதன்மேல் பூசிய துத்தநாகம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து, எளிதில் கரையாத கார்பனேட் படலத்தைப் போட்டுக்கொள்ளும். பெட்டிக்குள் அதற்கு வழியில்லை.

அதனால் முடிவு தலைகீழாகிவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த 85 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பூச்சு, பாசிவேஷன் (துத்தநாகத்தைக் காக்க அதன்மேல் ரசாயனத்தால் உண்டாக்கும் மெல்லிய படலம்) இல்லையென்றால் ஒரே நாளில் வெளுத்துப்போகும். மின்சாரத்தால் 10 மைக்ரான் துத்தநாக முலாம் போட்டு, பாசிவேஷனும் செய்த போல்ட் 240 மணி நேரம் பளபளவென்று நிற்கும். அங்கே தாக்குப்பிடித்தது துத்தநாகமல்ல, அதன்மேல் ஒரு மைக்ரான்கூட இல்லாத பாசிவேஷன் படலம். சீட்டில் வெள்ளைத் துரு வரும்வரையா, சிவப்புத் துரு வரும்வரையா என்றும் பாருங்க. வெள்ளை துத்தநாகம் அரிப்பது, சிவப்பு அடியிலுள்ள இரும்பு அரிப்பது; இரண்டும் வேறு வேறு. ஒரே பட்டறையின் இந்த வாரச் சரக்கு போன வாரத்தைப் போல இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இந்தச் சோதனை உதவும்.

உம்லாங்காவிலிருந்து: அப்படியானால் எதை வைத்துத்தான் கணிப்பது?

உங்கள் இடத்துக் காற்றையே அளந்துவிடுங்க. ஒரு வருஷம் பொறுக்கணும், அவ்வளவுதான். 150 × 100 × 1 மி.மீ. அளவில் சுத்தத் துத்தநாகத் தகடு நான்கு வாங்குங்க. கொழுப்பு நீக்கி, காயவைத்து, மில்லிகிராம் காட்டும் தராசில் எடை போடுங்க. மூன்றைப் பிளாஸ்டிக் தாங்கியில் 45 டிகிரி சாய்த்து மாட்டுங்க. இந்தியப் புத்தகத்தில் தெற்குப் பார்த்து என்றிருக்கும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குத் தெற்கே, அதனால் இங்கே வடக்கு. கடல்தான் கவலையென்றால் கடலைப் பார்த்தே வைக்கலாம். நான்காவது தகடு வீட்டுக்குள் உலர்வாக இருக்கட்டும்.

வருஷம் முடிந்ததும் லிட்டருக்கு 250 கிராம் கிளைசின் கரைத்த நீரில், அறை வெப்பத்தில் 5 முதல் 10 நிமிஷம் ஊறவைத்துத் துருவை எடுங்க. நான்காவது தகட்டையும் அதேபோல் ஊறவைத்து, அது இழந்த எடையை மற்றவற்றின் இழப்பிலிருந்து கழிக்கணும். இல்லாவிட்டால் கரைசல் தின்றதும் காற்றின் கணக்கில் ஏறிவிடும்.

தகட்டின் இரு பக்கமும் சேர்ந்து 0.03 சதுர மீட்டர். இழப்பு 0.9 கிராம் என்றால் சதுர மீட்டருக்கு 30 கிராம். அதைத் துத்தநாகத்தின் அடர்த்தி 7.14-ஆல் வகுத்தால் 4.2 மைக்ரான். காற்று உலோகத்தை எவ்வளவு அரிக்கும் என்று வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரத்தில் இது சி4-உம் (அதிகம்) சி5-உம் (மிக அதிகம்) சந்திக்கும் எல்லை. 85 மைக்ரான் பூச்சுக்கு 20 வருஷம். முதல் வருஷத்துக்குப்பின் தேய்மானம் கொஞ்சம் குறையும் என்பதால் இது பயந்து போட்ட கணக்கு, அப்படியே இருக்கட்டும்.

ஆனால் எல்லாரும் தவறும் இடம் ஒன்றுண்டு. 85 மைக்ரான் என்பது 6 மி.மீ.க்கு மேல் தடிமனான இரும்புக்கு. உங்கள் கேட் குழாயின் சுவர் 2 மி.மீ. என்றால் முக்கியெடுக்கும் பூச்சுக்கான தரமான ஐஎஸ்ஓ 1461 கேட்கும் சராசரி 55 மைக்ரான்தான், அதாவது 13 வருஷம். அதில் மாட்டிய 10 மைக்ரான் போல்ட்டுக்கு இரண்டரை வருஷம்கூட இல்லை. கேட் நல்லா இருக்கும், போல்ட் தலையிலிருந்து செந்துரு ஒழுகும்.

பிளஃப்பிலிருந்து: மழை படாத தாழ்வாரத்து அடிப்பக்கம் ஏன் முதலில் துருப்பிடிக்கிறது?

மழை உப்பைக் கழுவிவிடும், அடிப்பக்கத்தை யார் கழுவுவது? உப்பு படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை குழாய்த் தண்ணீரால் அடிச்சு விடுங்க. சோதனைத் தகடு ஒன்றை அங்கேயும் மாட்டுங்க, வெயிலில் வைத்த தகட்டின் எண் அந்த இடத்துக்குப் பொருந்தாது.

வெருலத்திலிருந்து: கோயில் கைப்பிடிக்கு 304 ஸ்டெயின்லெஸ் போட்டோம், தேநீர்க் கறை மாதிரி பழுப்பு வருகிறதே?

உப்பின் அரிப்பைத் தாங்க உதவும் உலோகம் மாலிப்டினம். 304-இல் அதைச் சேர்ப்பதில்லை, 316-இல் 2 சதவீதம் உண்டு. ஆனாலும் மெருகு கரடுமுரடாக இருந்தால் 316-ஏ கறைபடும். மேற்பரப்பின் சராசரிக் கரடு 0.5 மைக்ரானுக்குக் கீழே இருக்கணும். இப்போதைக்குக் கறையை எடுத்து நல்ல தண்ணீரால் கழுவுங்க. இரும்புக் கம்பி நார் மட்டும் வேண்டாம், அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு அதுவே துருப்பிடிக்கும்.