வலார்கள்: தெய்வங்களா, தேவதூதர்களா?

அன்புள்ள ஐயா,

ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கற்பனையில் படைத்த புராணமான ‘சில்மரில்லியன்’ இப்போதுதான் படித்து முடித்தேன். அவர் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்கிறார்கள். ஆனால் அதில் உலகை ஆளும் வலார்கள் கடலுக்கு ஒருவர், காற்றுக்கு ஒருவர் என்று கிரேக்கத் தெய்வங்கள் மாதிரிதானே இருக்கிறார்கள்? ஒரே கடவுளை நம்பியவர் இத்தனை தெய்வங்களை ஏன் எழுதினார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

யாருக்கு எந்தத் துறை என்று பார்த்தால் கிரேக்கத்துக்குத்தான் போய்ச் சேருவோம். உல்மோவுக்குக் கடல், மான்வேக்குக் காற்று. சரி, ஆனால் அது தோற்றம் மட்டும். இவர்களால் உயிரைப் படைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

முடியாது. வலார்களில் கொல்லரான ஆவுலேயின் கதையை மறுபடி படியுங்கள். பொறுமையில்லாமல் அவர் குள்ளர்கள் என்ற இனத்தை ரகசியமாகச் செய்துவிடுகிறார். நீ நினைத்தால்தான் இவர்கள் அசைவார்கள், இல்லாவிட்டால் சும்மா நிற்பார்கள் என்கிறார் அந்தக் கதை உலகின் ஒரே கடவுளான ஏரு. ஆவுலே அழுதுகொண்டே அவர்களை அழிக்கச் சுத்தியலை ஓங்குகிறார். குள்ளர்கள் பயந்து ஒடுங்குகிறார்கள். ஏரு அதற்குள் உயிர் கொடுத்துவிட்டார்! அந்த நூலிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது. படைப்பது கடவுளுக்கு மட்டுமே உரியது, தேவதூதர்களுக்கும் அது இயலாது என்று 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் வாதிட்டார். ஆவுலேயின் கதை அந்த எல்லைக்குள்தான் நடக்கிறது. ஏருவை எதிர்த்த மெல்கோரும் அப்படித்தான், படைக்கும் ஆற்றலான அழியாச் சுடரைத் தேடி வெற்றிடத்தில் அலைந்தும் கிடைக்காமல், இருப்பதைக் கெடுக்க மட்டுமே முடிகிறது அவனால். தீமை என்பது நன்மையின் குறைபாடே என்ற பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீனின் சிந்தனைக்கு இது மிக நெருக்கம். ஆகவே வலார்களைத் தேவதூதர்கள் வரிசையில்தான் வைப்பேன்.

கிறிஸ்தவத்தோடான ஒப்பீடு உண்மையிலேயே இடறுவது மரணத்தில். ‘பாவத்தின் சம்பளம் மரணம்’ என்கிறார் பைபிளில் பவுல். சில்மரில்லியனிலோ மரணம் மனிதருக்கு ஏரு கொடுத்த பரிசு. காலம் செல்லச் செல்ல வலார்களே அதன்மேல் பொறாமைப்படுவார்களாம். மெல்கோர் அதன்மேல் நிழலைப் படரவிட்டு அச்சமாக மாற்றினான், அவ்வளவுதான். எந்த ஞாயிறு வகுப்பிலும் இப்படிச் சொல்லித்தர மாட்டார்கள்.

டோல்கீனும் இதை அப்படியே விட்டுவிடவில்லை. அவர் மறைந்து 20 ஆண்டுகள் கழித்து, 1993இல் வெளியான ‘மார்கோத்தின் மோதிரம்’ தொகுதியில் ஃபின்ராட் என்ற, முதுமையால் சாகாத எல்ஃப் இனத்து மன்னனும் ஆண்ட்ரெத் என்ற மனிதப் பெண்ணும் பேசிக்கொள்ளும் உரையாடல் ஒன்று இருக்கிறது. நாங்கள் சாகப் பிறந்தவர்கள் அல்ல என்று அவள் வாதிடுகிறாள். அப்புறம், ஏருவே ஒருநாள் இந்த உலகுக்குள் வந்து அதைக் குணமாக்குவார் என்று தன் மக்களில் சிலர் நம்புவதையும் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். கிறிஸ்துவின் பெயர் எங்குமே இல்லை, ஆனால் டோல்கீன் தன் விசுவாசத்துக்கு மிக அருகே வருவது அந்தப் பக்கங்களில்தான். அடுத்து அதைப் படியுங்கள்.

அன்புடன்