மதிலுக்கு வெளியே இருந்து வரும் கேள்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் வீட்டுக்கு எதிரே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் மதில் சுவர் இருக்கிறது. அது வந்த பிறகு வாடகை ஏறியது, கடைகள் பெருகின. விடுமுறை விட்டால் தெரு வெறிச்சோடிப் போகிறது. இதைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் அக்கம்பக்கத்து மக்களுக்கு என்ன செய்துவிட முடியும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாடகை பற்றி நீங்கள் சொல்வது சரி. விடுதிகள் போதாதபோது அந்தச் சுமை பக்கத்துத் தெருக்களில் குடியிருக்கும் எளியவர்கள் தலையில்தான் விழுகிறது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியைக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு காலத்தில் பாலை எடை பார்த்து மட்டுமே வாங்கினார்கள். கெட்டிப் பாலுக்கும் தண்ணீர் கலந்த பாலுக்கும் ஒரே விலை. நேர்மையாக ஊற்றியவருக்குத்தான் நஷ்டம். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஸ்டீபன் பாப்காக் 1890இல் இதற்கு வழி கண்டார். பாலில் கந்தக அமிலம் சேர்த்து, கழுத்து நீண்ட புட்டியில் வைத்துச் சுழற்றினால் கொழுப்பு பிரிந்து மேலே வந்து நிற்கும். கழுத்தில் உள்ள கோடுகளைப் பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை, பண்ணையிலேயே செய்யலாம். அவர் அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை! கொழுப்புக்கேற்ற விலை கிடைத்தது. எந்தப் பசுவின் பால் தரமானது என்று தெரிந்து, நல்ல பசுக்களைப் பெருக்கவும் முடிந்தது.

அத்தகைய பல்கலைக்கழகங்களுக்குப் பணம் தந்தது 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம். மத்திய அரசு கொடுத்த நிலத்தை விற்று மாநிலங்கள் வேளாண்மை, பொறியியல் கல்லூரிகளை நடத்தின. அந்த நிலத்தில் பெரும்பகுதி பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1914இல் இன்னொரு சட்டம் வந்தது. அதன் பிறகு ஆய்வில் கண்டதை விவசாயியின் வயலுக்கே கொண்டுபோய்ச் சொல்வது அந்தக் கல்லூரிகளின் வழக்கமான பணியாயிற்று.

என்னை நெகிழ வைப்பது பாப்காக்கின் திறமை மட்டுமல்ல. அவருடைய கேள்வி பால் ஊற்றியவர்களின் அன்றாடத் தகராறிலிருந்து வந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கூடத்துக்குள் யாருடைய கேள்வி நுழைகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். கடைகள் பெருகுவது அதற்குப் பிறகுதான்.

உங்கள் தெருக் குடிநீரை வேதியியல் துறை சோதித்துத் தருமா? நூலகத்தில் வெளியாட்கள் உட்கார்ந்து படிக்கலாமா? பதிவாளருக்கு எழுதிக் கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்