பல் உள்ள வாய்க்கு ஏற்ற சூப்பான்

வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர் பதில்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 34 வயது. வேலை முடிந்து வந்தபின் சில நாள் குழந்தை மாதிரி இருந்துகொள்வது எனக்குப் பிடிக்கும். போர்வை, பொம்மை, வாயில் சூப்பான், அவ்வளவுதான். மனைவிக்குத் தெரியும், அவருக்கு இதில் வருத்தம் இல்லை. கைக்குழந்தைகளுக்கான சூப்பானைத்தான் பயன்படுத்துகிறேன். கொஞ்ச நாளிலேயே காம்பில் பல் பதிந்துவிடுகிறது. தட்டு உதட்டுக்குள் போகப் பார்க்கிறது. காலையில் காதுக்கு முன்னால் தாடை வலிக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கையில் இருக்கும் சூப்பானை முதலில் குப்பையில் போட்டுவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை. வளர்ந்த ஒருவர் தன் வீட்டில், கூட இருப்பவர் சம்மதத்தோடு, மனம் இளக ஒரு வழி வைத்திருக்கிறார். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. எனக்குக் கவலை உங்கள் தொண்டையும் பல்லும்தான்.

கைக்குழந்தையின் சூப்பான் பல் முளைக்காத, அல்லது இரண்டு பல் எட்டிப்பார்க்கிற வாய்க்காகச் செய்தது. அதன் தட்டு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும், எவ்வளவு இழுத்தாலும் வாய்க்குள் நழுவாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் சோதிப்பது குழந்தையின் வாயை மனதில் வைத்துத்தான். உங்கள் வாய்க்குள் அந்தத் தட்டு முழுசாகப் போய்விடும். தூக்கத்தில் போனால் மூச்சடைக்கும். காம்பு கடிபட்டு அறுந்து தொண்டைக்குள் போவது அடுத்த ஆபத்து.

ஆகவே பெரியவர்களுக்கென்றே செய்த சூப்பானை வாங்குங்கள். இணையத்தில் இதற்கென்றே விற்பவர்கள் இருக்கிறார்கள். யாரிடமும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. தட்டு உங்கள் வாயின் அகலத்தைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். வாயை முழுசாகத் திறந்து, கண்ணாடி முன் தட்டை வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் கன்னத்தில் படிய வேண்டும். தட்டில் குறைந்தது இரண்டு காற்றுத்துளை இருக்கட்டும். குழந்தைச் சூப்பான்களுக்கு அமெரிக்க விதி 1970களிலேயே இதைக் கட்டாயமாக்கியது. எக்குத்தப்பாக உள்ளே போய்விட்டாலும் துளை வழியே காற்று போகும், எதையாவது மாட்டி வெளியே இழுக்கவும் முடியும். குழந்தைக் காம்பைக் கழற்றிப் பெரிய தட்டில் ஒட்டி விற்பதை மட்டும் தொடாதீர்கள். அது என்ன பசை என்று யாருக்கும் தெரியாது, எப்போது விடும் என்றும் தெரியாது.

சிலிக்கானா, ரப்பரா? இதில்தான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். சிலிக்கான் நிறமில்லாமல் கண்ணாடி போல் இருக்கும், வாடை கிடையாது, கொதிநீரைத் தாங்கும். ஆனால் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், அங்கிருந்து சரசரவென்று கிழிந்துகொண்டே போகும். லேடெக்ஸ் என்கிற இயற்கை ரப்பர் தேன் நிறத்தில் இருக்கும், மெத்தென்று இருக்கும், கடிக்கு அதிகம் தாங்கும். ஆனால் வெயிலிலும் எச்சிலிலும் சீக்கிரம் முதுமை தட்டி, ஊதிப் பிசுபிசுக்கும். உதட்டுக்கு வாசலின் தடவிக்கொண்டு அதை வாயில் வைத்தால் இன்னும் சீக்கிரம் கெடும். ரப்பர் கையுறை போட்டால் அரிப்பு எடுக்கும் ஆளாக இருந்தால் லேடெக்ஸ் பக்கமே போகாதீர்கள்.

உங்களுக்குக் கடிக்கும் பழக்கம் இருக்கிறது. அதனால் ஒவ்வாமை இல்லையென்றால் லேடெக்ஸ் என்பது என் கருத்து. எதை வாங்கினாலும், ஒவ்வொரு முறை வாயில் வைக்கும் முன்னும் ஒரு சோதனை: காம்பின் நுனியை ஒரு கையாலும் தட்டை இன்னொரு கையாலும் பிடித்து நன்றாக இழுத்து, விளக்குக்கு எதிரே மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். காம்பும் தட்டும் சேரும் கழுத்துப் பகுதியில் மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக்கோடு தெரிந்தால் அதன் கதை முடிந்தது. முன்பல் படும் இடம் அதுதான் என்பதால் பெரும்பாலும் கீறல் அங்கேதான் தொடங்கும்.

தாடை வலி, நீங்கள் சப்புவதற்குப் பதில் கடிக்கிறீர்கள் என்பதைச் சொல்கிறது. சற்றுத் தட்டையான, மெல்லிய கழுத்துள்ள காம்பாக எடுத்தால் வாய் அதிகம் திறந்திருக்க வேண்டியதில்லை. அப்புறம், நேரம். மெல்லிய அழுத்தம்கூட நாளுக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் தொடர்ந்தால் பல் நகரும் என்பது எங்கள் துறையில் பாலபாடம். பெரியவர்களுக்குப் பல் நகராது என்று நினைக்காதீர்கள். நாற்பது வயதில் கம்பி கட்டிச் சரிசெய்கிறோமே, அது எப்படி நடக்கிறது? மாலையில் ஒரு மணி, இரண்டு மணி என்றால் நான் கவலைப்பட மாட்டேன். இரவு முழுக்க வேண்டாம். ஈறு நோயோ, முன்பல்லில் உறையோ (கேப்), கம்பியோ இருந்தால் உங்கள் பல் மருத்துவரிடம் “தூக்கத்துக்கு முன் சூப்பான் வைக்கும் பழக்கம் உண்டு” என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது ஒரு தகவல், அவ்வளவே.

கேள்வி: நான் 29 வயதுப் பெண். எனக்குப் பால் பாட்டில்தான் பிடிக்கும். ஆனால் சப்பிச் சப்பிக் கன்னம் வலிக்கிறதே தவிரப் பால் வருவதில்லை. காம்பு உள்பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ஊசியைச் சூடாக்கித் துளையைப் பெரிதாக்கலாமா? கண்ணாடி பாட்டில் நல்லதா?

பதில்: ஊசியைக் கீழே வையுங்கள். சிலிக்கானில் நீங்கள் போடும் துளையின் ஓரம்தான் அடுத்த கிழிசலின் ஆரம்பம்.

காம்பு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் காற்று. பால் வெளியே வர, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். காம்பின் அடிவிளிம்பில் உற்றுப் பார்த்தால் ஒரு குட்டித் துளையோ கீற்றோ இருக்கும். காற்று அதன் வழியாகத்தான் போகிறது. மூடி வளையத்தை உங்கள் பலத்துக்கு இறுக்கினால் அது அடைபட்டுவிடும். கால் திருகு தளர்த்திப் பாருங்கள், பாலுக்குள் குமிழி வரிசையாக ஏறும். அப்படியும் சரியாகவில்லை என்றால் காம்பு உங்களுக்கு மிகச் சின்னது. காம்பில் எழுதியிருக்கும் மாதக் கணக்கு பால் எவ்வளவு வேகமாக வரும் என்பதற்கான குறிப்பு. நீங்கள் அதில் மிகப் பெரியதை, அல்லது ஒய் வடிவத்தில் கீறிய காம்பை எடுங்கள். ஒய் கீறல் சப்பும்போது மட்டும் விரியும், உறிஞ்சும் பலத்துக்கு ஏற்பப் பால் வரும். பெரியவர்களுக்கான காம்புகளும் கிடைக்கின்றன. பாட்டிலின் கழுத்து அளவோடு பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் தனியாக வாங்க வேண்டும்.

கண்ணாடி பாட்டில் சுத்தத்துக்கு நல்லது, வாடை பிடிக்காது. ஆனால் நீங்கள் சாய்ந்துகொண்டு குடிப்பீர்கள் அல்லவா? பால் நிரம்பிய கண்ணாடி பாட்டில் கை நழுவி முன்பல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பல் மருத்துவரிடம் கேட்கிறீர்கள்! பிளாஸ்டிக்கே போதும். பாலிகார்பனேட் வேண்டாம். அதிலிருக்கும் பிபிஏ என்ற வேதிப்பொருள் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2011-இலேயே குழந்தை பாட்டிலில் அதைத் தடை செய்துவிட்டது. பாலிபுரொப்பிலீன் கிடைக்கும், மலிவு. ஆனால் சூடு ஏற ஏற அதிலிருந்து நுண்துகள் அதிகம் உதிர்கிறது என்று டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். பாலை வேறு பாத்திரத்தில் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியபின் பாட்டிலில் ஊற்றுங்கள்.

தலைக்கு இரண்டு தலையணை வைத்துப் பாதி உட்கார்ந்தபடி குடியுங்கள். மல்லாந்து குடித்தால் புரை ஏறும். இனிப்புப் பாலை வாயில் வைத்தபடியே கண்ணயர்வது முன்பல் சொத்தைக்கு நேர்வழி. கடைசி பாட்டில் தண்ணீராக இருக்கட்டும். சோடா கலந்த பானம் வேண்டாம், அழுத்தத்தில் காம்பு வழியே பீய்ச்சும். குடித்து முடித்த உடனே காம்பையும் வளையத்தையும் தனித்தனியாகக் கழற்றிச் சோப்பு நீரில் தேயுங்கள். வளையத்தின் திருகுக்குள் மாட்டும் பால்தான் அந்தப் புளித்த வாடைக்குக் காரணம்.

கேள்வி: என் கணவர் சூப்பானை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டே தூங்கிவிடுகிறார். எனக்கு அவருடைய பழக்கத்தில் சங்கடம் இல்லை. ஆனால் இரவில் பயமாக இருக்கிறது. சொன்னால் வருத்தப்படுவாரோ?

பதில்: உங்கள் பயம் நியாயமானது, சொல்லிவிடுங்கள். பழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். நாடாவைப் பற்றி மட்டும் பேசுங்கள். கழுத்தைச் சுற்றிய எதுவும் தூக்கத்தில் இறுக்கலாம். கைக்குழந்தைச் சூப்பானை நாடாவோடு விற்பதையே அமெரிக்க விதி தடுக்கிறது. சட்டையில் கவ்வும் கிளிப், அதோடு ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான பட்டை, இதை விழித்திருக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளட்டும். மது அருந்திய இரவிலும், தூக்க மாத்திரை போட்ட இரவிலும் சூப்பானே வேண்டாம். வாயில் எதுவோ இருக்கிறது என்று உடம்பு எழுப்பிவிடும் அல்லவா, அந்த எச்சரிக்கை அப்போது மந்தமாகிவிடும். அவர் கண்ணயர்ந்ததும் நீங்களே மெதுவாக எடுத்து மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடலாமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.