உயிர் இரை: மதுரையிலிருந்து கடலுக்குப் படகேறுகிறவர்கள் கேட்டவை

கண்மாயில் தூண்டில் போட்டுக் கை பழகிய நம்ம ஊர் ஆட்கள் இப்போது மண்டபம், தொண்டி, தூத்துக்குடி என்று கிளம்பிவிடுகிறார்கள். வந்த கேள்விகளில் முக்கால்வாசி இரையைப் பற்றித்தான். நல்லது, ராடு, ரீல் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

அண்ணே, எங்க கண்மாய்ல ஜிலேபி கெண்டை ஏகத்துக்கும் கிடக்கு. டிரம்ல போட்டு மண்டபம் கொண்டுபோய் இரையாக்கலாமா? அயிரை தாங்குமா? (திருமங்கலம்)

ரெண்டும் வேண்டாம் தம்பி. அயிரையைக் கடல்நீரில் விட்டால் அது இரையாகும் முன்பே செத்துவிடும், அதை வீட்டில் குழம்புக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஜிலேபி உப்பைத் தாங்கும் மீன்தான், கழிமுகத்தில்கூடப் பிழைக்கும். ஆனால் கண்மாய்த் தண்ணீரிலிருந்து எடுத்து லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு இருக்கிற கடல்நீரில் சட்டென்று போட்டால் சோர்ந்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக உப்பேற்றிப் பழக்கவேண்டும். அவ்வளவு பாடுபட்டு, வெளிநாட்டிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை ஏற்கெனவே ஆக்கிரமித்த ஒரு மீனைக் கடலோரத்திலும் கொண்டுபோய் விடவேண்டுமா? போகிற இடத்திலேயே மடவையும் சூடையும் இருக்கும்போது 150 கிலோமீட்டர் டிரம் சுமப்பது வீண்வேலை.

போய் இறங்கியதும் இரை மீனை எங்கே தேடுவது? கடல் முழுக்க ஒரே மாதிரிதான் தெரிகிறது. (மேலூர்)

முதலில் எந்தப் பக்கக் கடல் என்று முடிவு செய்யுங்கள். மண்டபத்துக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் வடக்குப் பக்கம் கலங்கிக் குதிக்கும், தெற்குப் பக்கம் ஓரளவு அடங்கியிருக்கும்; தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று வந்துவிட்டால் அப்படியே தலைகீழ். கலங்கிய தண்ணீரில் சின்ன மீன் கூட்டத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அப்புறம் நேரம். விடிகிற பொழுதும், தண்ணீர் ஏறுகிற நேரமும் சேர்ந்து வந்தால் கரையோரமே போதும். ஜெட்டித் தூண்களின் நிழல், கட்டிப்போட்ட படகுகளின் அடி, முகத்துவாரம், கடற்புல் திட்டுகளின் ஓரம் என்று வரிசையாகப் பாருங்கள். காற்று கிளப்புகிற அலை ஒரே திசையில் ஓடும். மீன் கூட்டம் கிளப்புகிற சலசலப்போ ஒரே இடத்தில் பொரிகிற மாதிரி இருக்கும், நடுவில் வெள்ளி மினுங்கும். மடவை தானாகவே துள்ளிக் காட்டிக்கொடுக்கும். ஆலாப்பறவைகள் செங்குத்தாகப் பாய்ந்து பாய்ந்து எழுந்தால் அங்கே சூடையோ நெத்திலியோ மேலே வந்திருக்கிறது. சும்மா வட்டமிட்டுக்கொண்டிருந்தால் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, பொறுங்கள். கூட்டத்துக்கு நடுவே படகை விடாதீர்கள், காற்றுக்கு மேல்பக்கம் இன்ஜினை அணைத்துவிட்டு மிதந்தே போங்கள்.

கரைவலை இழுக்கிறார்களா? வலை மணலுக்கு ஏறும் முன், மீன் தண்ணீரில் இருக்கும்போதே காசு கொடுத்து ஒரு வாளி கேளுங்கள். மணலில் புரண்ட மீன் உயிரோடு இருந்தாலும் இரைக்கு ஆகாது.

வீச்சுவலை கரையில் நன்றாக விரிகிறது, படகிலிருந்து வீசினால் காலியாக வருகிறது. ஏன்? (உசிலம்பட்டி)

ஆழம்தான். வலை அடியைத் தொடுவதற்குள் மீன் விளிம்புக்குக் கீழே புகுந்து ஓடிவிடுகிறது. வலை எவ்வளவு விரிகிறதோ அதைவிட ஆழமான இடத்தில் வீசுவது பெரும்பாலும் கைவலிதான் மிச்சம். ஈயம் குறைவான மலிவு வலை இன்னும் மெதுவாக இறங்கும். கண்ணி பெரிதாக இருந்தால் சின்ன மீன் செவுளில் மாட்டிச் செத்துப்போகும், பெரிய மீனுக்குச் சின்னக் கண்ணி போட்டால் வலை இறங்காது. விரல் நீள மடவைக்கு ஒன்று, உள்ளங்கை நீளச் சூடைக்கு ஒன்று என்று ரெண்டு வலை வைத்திருப்பது ஆடம்பரம் இல்லை. ஆழமான இடமென்றால் வலையை மடித்து வைத்துவிட்டு, ஆறு சின்ன முள் வரிசையாகக் கட்டிய சபிகி தூண்டிலை இறக்குங்கள். ஒன்று மாட்டியதும் இழுக்காமல் கொஞ்சம் விடுங்கள், அது துடிப்பதைப் பார்த்து மற்றதும் வந்து கவ்வும்.

பிடித்த சூடை எல்லாம் அரை மணி நேரத்தில் வாளியில் செத்து மிதக்கிறது. காற்றுக் குமிழி விடுகிற ஏரேட்டர் போட்டும்தான். (அலங்காநல்லூர்)

ஏரேட்டர் இருக்கட்டும், பிடிக்கும்போது என்ன செய்தீர்கள்? சூடை, மத்தி மாதிரி மீன்களுக்குச் செதில் தொட்டாலே உதிரும். உதிர்ந்த இடத்தில் உடம்பின் உப்புச் சமநிலை போய்விடும், பிறகு எத்தனை குமிழி விட்டாலும் தேறாது. அதனால் கையால் பிடிக்காதீர்கள். சபிகியில் வந்ததென்றால் முள்ளின் தண்டைப் பிடித்து வாளிக்கு மேல் ஒரு சுண்டு சுண்டினால் தானே விழும். வலையில் வந்ததென்றால் படகுத் தட்டில் கொட்டாமல் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குள் அவிழுங்கள்.

அடுத்தது தொட்டி. இந்த மீன்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளில் தண்ணீர் சரியாக ஓடும். சதுரப் பெட்டியின் மூலையில் முட்டி முட்டி மூக்கு உடைந்து நின்றுவிடும், ஆகவே வட்டத் தொட்டிதான். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும், அதிலும் கடல்நீர் ஒரே வெப்பத்தில் நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் பிடித்துவைக்கும். சித்திரை வெயிலில் கறுப்பு வாளியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள், அடிக்கடி பாதித் தண்ணீரை மாற்றுங்கள் (மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஏரேட்டர் எடுக்காது). ஐஸைத் தண்ணீரில் நேரடியாகப் போடாமல் மூடிய பாட்டிலில் உறையவைத்து மிதக்கவிடுங்கள், குழாய்த் தண்ணீர் ஐஸ் என்றால் குளோரினும் சேர்ந்து கரையும். 20 லிட்டர் வாளியில் விரல் நீள மீன் ஆறேழுக்கு மேல் ஆசைப்படவேண்டாம்.

இதெல்லாம் தொல்லை என்றால் மடவைக்கு மாறுங்கள். முரட்டு மீன், வாளியிலும் தாங்கும், முள்ளிலும் வெகுநேரம் நீந்தும். காரல் மீன் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும், ஆனால் சீக்கிரம் செத்துவிடும்.

பத்து வயது மகனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வாளியில் கைவிடாமல் இருக்கமாட்டான். ஆபத்தான மீன் உண்டா? (மதுரை, வில்லாபுரம்)

உண்டு அம்மா. கடற்புல் இருக்கிற இடத்தில் ஓரா நிறைய வரும். அதன் முதுகு, அடிவயிற்று முட்களில் விஷம், குத்தினால் பெரிய ஆளே கத்துவார். அதைவிட மோசம் வரிபோட்ட கடல் கெளுத்தி. குஞ்சுகள் கறுப்புப் பந்து மாதிரி உருண்டு திரளும், பார்த்ததும் வலை வீசத் தோன்றும், வீசாதீர்கள். குத்திவிட்டால் மகன் தாங்குகிற சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை வைத்திருங்கள் (முதலில் உங்கள் கையை விட்டுப் பாருங்கள்), படகைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பையனுக்கு வாளியில் போட ஒரு சின்னக் கைவலை வாங்கிக் கொடுங்கள். லைஃப் ஜாக்கெட் அவன் அளவுக்கு இருக்கவேண்டும், பெரியவர்களுடையது கழன்றுவிடும்.

கணவாய் உயிரோடு வைத்திருக்க முடியுமா? (விருதுநகர்)

முடியும், தனித் தொட்டியில். ஜிக்கில் (முள் வைத்த செயற்கை இரை) மாட்டியதும் உடனே தூக்காமல் படகு ஓரத்துத் தண்ணீரிலேயே மையைக் கக்கவிட்டு எடுங்கள். தொட்டிக்குள் கக்கினால் அதுவும் சாகும், கூட இருக்கிற மீனும் சாகும்.

வஞ்சிரத்துக்கு இரையை எங்கே குத்துவது? பாதி இரை மட்டும் திரும்பி வருகிறது. (திண்டுக்கல்)

வஞ்சிரம் இரையின் வாலை வெட்டிவிட்டுத்தான் மிச்சத்துக்குத் திரும்பும். முன் முள்ளை மூக்குப் பக்கம் மேல் தாடையில் மட்டும் குத்துங்கள், வாயைத் தைத்துவிட்டால் மூச்சு முட்டும். அதிலிருந்து சின்னக் கம்பியில் இன்னொரு முள்ளை வால் பக்கம் விடுங்கள். தூண்டில் நரம்பு நுனியில் ஒரு முழம் கம்பி இல்லாவிட்டால் பல்லில் அறுந்துபோகும். இதற்கு முரல் மீனும் நல்ல இரை. நங்கூரமிட்டு மிதவையில் விடுவதானால் முதுகுத் துடுப்புக்கு முன்னால், முதுகெலும்புக்கு மேலே லேசாகக் குத்தினால் போதும். அடியில் களவா மீனுக்குப் போடும்போது நுனி உள்பக்கம் வளைந்த வட்ட முள் போடுங்கள், மீன் இழுத்ததும் வெடுக்கென்று சுண்டாதீர்கள், ரீலைச் சுற்றினாலே ஓரவாயில் ஏறிக்கொள்ளும்.

ராத்திரி எல்இடி விளக்கு போட்டால் இரை மீன் கூடும் என்கிறார்களே? (சிவகங்கை)

கூடும். அதனால்தான் செயற்கை விளக்கு வைத்து மீன்பிடிப்பதற்கு மத்திய அரசு 2017-இல் தடை போட்டது. விடியும்வரை பொறுங்கள். அதே மாதிரி தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவிலுள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் 1986-இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே மடவை துள்ளினாலும் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

கரிமேடு மார்க்கெட்டில் மத்தி வாங்கிக்கொண்டு போனால் போதாதா? மீந்த உயிர் இரையை என்ன செய்வது? (மதுரை)

ஐஸில் வைத்த மத்தி ஒரு கிலோ கையில் இருப்பது நல்லதுதான், உயிர் இரை அமையாத நாளில் வெட்டிப் போட்டால் அடிமீன் எடுக்கும். வயிறு உடைந்திருந்தால் முள்ளில் நிற்காது, செவுள் சிவப்பாக இருக்கிறதை வாங்குங்கள். மீந்ததைப் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள், வேறு ஊருக்கு வாளியில் தூக்கிப் போகவேண்டாம். செத்தது ஐஸ் பெட்டிக்குப் போகட்டும், அடுத்த முறை வெட்டு இரைக்கு ஆகும்.